பூதத்தோட கட்டைவிரலும் மூணு சாயமும்

ஒரு ஊர்ல, பாலமே இல்லாத ஒரு ஆத்தங்கரையில, ஒரு பூதம் இருந்துச்சு. எவ்ளோ பெருசு தெரியுமா? நடு ஆத்துல நின்னாலும் தண்ணி முட்டிக்குத்தான் வரும்! பள்ளிக்கூடம் போற பிள்ளைங்களை எல்லாம் தோள்ல தூக்கி வச்சு, தொபக் தொபக்னு நடந்து அக்கரையில இறக்கி விடும். கூலி? ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி. லபக்! லபக்!

ம் கொட்டு... ஆங்.

அப்புறம் என்னாச்சு, தின்ன வெல்லமெல்லாம் சேர்ந்து பூதத்துக்குச் சர்க்கரை வியாதி வந்துருச்சு. கால் கட்டைவிரல்ல முள்ளு குத்துன புண்ணு ஆறவே இல்ல. விரல் உரல் கணக்கா வீங்கிப் போச்சு. வைத்தியர் காத்தவராயன் வந்து பார்த்தாரு.

"ஒன்பது நாள். அதுக்குள்ள புண்ணு காயலன்னா விரலை எடுத்துடணும்."

"ஐயோ! கட்டைவிரல் இல்லாம வெள்ளத்துல எப்படிக் காலூன்றது? பிள்ளைங்களை யாரு தூக்குவா?"

பூதம் அழுத அழுகையில ஆத்துல ரெண்டு சாண் தண்ணி ஏறிடுச்சு!

அதைக் கேட்டுச் செம்பவளம் ஓடி வந்தா. அவ கல்யாண வீட்டுச் சமையல்காரி. அவ பொண்ணும் பூதத்தோட தோள்லதான் பள்ளிக்கூடம் போறா.

"நான் என்ன செய்யணும், வைத்தியரே?"

"வெல்லம் கூடவே கூடாது. கஷாயத்தை ரெண்டு வேளையும் விடாம குடு. புண்ணை நான் தினம் கழுவிக் கட்டுறேன். அப்புறம், கீரை. கீரைக்குள்ள பச்சை, சிவப்பு, மஞ்சள்னு மூணு சாயம் இருக்கு. அது சர்க்கரையைக் கொஞ்சம் அடக்கும்னு எனக்கு ஒரு நம்பிக்கை. ஆனா சாயம் கெடாம வயித்துக்குப் போகணும்!"

"கீரையா? நான் என்ன ஆடா?"னு பூதம் முறைச்சுது.

"ஆடு இவ்ளோ பேசாதுண்ணே. வாயைத் திற!"ன்னா செம்பவளம்.

மொத நாள் முருங்கைக்கீரை. அண்டாவை இறுக்கி மூடி, தளதளன்னு கொதிக்க விட்டா. திறந்து பார்த்தா... பச்சையைக் காணோம்! ஒரே சேத்து நிறம்.

"இதையா திங்கச் சொல்ற, தங்கச்சி?"

அப்போ அவளுக்குப் புரிஞ்சுது. மூடி வச்சு ரொம்ப நேரம் வேகவிட்டா பச்சைக்கு மூச்சு முட்டும். மறுபடி அடுப்பை மூட்டி, மூடாம சட்டுனு வதக்கி எடுத்தா. பச்சைப் பசேல்னு வந்துச்சு!

ரெண்டாம் நாள் சிவப்புத் தண்டுக்கீரை. எப்பவும் போல வேக வச்சு, தண்ணியை வடிச்சு, வாய்க்கால்ல சளார்னு கொட்டினா. வாய்க்கால் செவசெவன்னு ஓடுது! அண்டாவுல கீரை வெளுத்துப் போய்க் கிடக்குது.

"ஐயையோ, சிவப்பு ஓடுது! பிடிங்க!"

பிள்ளைங்க குடுகுடுன்னு துரத்த, வாத்துங்க க்வாக் க்வாக்னு முன்னாடி ஓட, சிவப்பு ஆத்துல போய் விழுந்தே போச்சு. அப்புறம் வேற கட்டுக் கீரை அறுத்து, தண்ணி தெளிச்சு ஆவியிலயே வேக வச்சா. சொட்டுக்கூட வடிக்கல. பூதம் தின்னுட்டு நாக்கை நீட்டுச்சு. கோரைப்பாய் அகல நாக்கு, அத்தனையும் சிவப்பு!

தூங்கிட்டியா? இல்லையா? சரி, கேளு.

மூணாம் நாள் மஞ்சள். எங்க தேடியும் காணோம்! அப்போ மரத்துலருந்து ஒரு முருங்கை இலை பழுத்து, மஞ்சளா அவ கையில விழுந்துச்சு. "அடப்பாவி, பச்சைக்கு அடியிலயே ஒளிஞ்சிருந்தியா!" தண்ணியில போட்டா அந்த மஞ்சள் கரையல. ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊத்தினா, சுர்ர்ர்! எண்ணெய் ஓரத்துல மஞ்சள் மினுமினுத்துச்சு.

அப்புறம் தினமும் மூணு சாயம், ரெண்டு வேளை கஷாயம். ஒன்பதாம் நாள் வைத்தியர் வந்தாரு. பையில கத்தி. ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. கட்டை அவிழ்த்தாரு... ஒரு சுத்து... ரெண்டு சுத்து... மூணாவது சுத்து...

புண்ணு காஞ்சிருந்துச்சு!

செம்பவளம் ஓன்னு அழுதுட்டா. "எது காப்பாத்துச்சு, வைத்தியரே? கஷாயமா? கீரையா? வெல்லத்தை விட்டதா?"

"எனக்கே தெரியலம்மா. அதனால ஒண்ணையும் நிறுத்திடாதே."

பூதம் தொண்டையைச் செருமுச்சு. "அப்போ... நாளைக்கும் கீரையா?"

"நாளைக்கும்தாண்ணே!"

பூதம் பெருமூச்சு விட்டுச்சு. அந்தக் காத்துல வைத்தியரோட தலைப்பா பறந்தே போச்சு. அப்புறம் பிள்ளைங்களை அள்ளித் தோள்ல வச்சு, கட்டைவிரலை நல்லா ஊனி, ஆத்துல இறங்குச்சு. தொபக்... தொபக்... தொபக்...

கதை அக்கரை சேர்ந்தாச்சு. கண்ணு, நீ கண்ணை மூடு.