பேரைப் படிக்கிற வறட்டாயி

ஒரு ஊர்ல ஒரு காத்து இருந்துச்சு செவந்தி. ராஜா இல்ல, ராணி இல்ல, வெறும் காத்து. பயமா இருக்கிற கதைதான் வேணும்னு நீதானே கேட்ட? அப்புறம் பாதியில அத்தை மடியில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு "நிறுத்து, நிறுத்து"ன்னா நிறுத்த மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ம் கொட்டு.

ம்.

அது பனிக்காத்து. மார்கழி பொறந்துட்டாப் போதும், சர்ர்ர்... சர்ர்ர்னு வந்துடும். உதடு வெடிக்கும், கன்னம் காந்தும், குதிகாலு பாளம் பாளமாப் பொளந்துக்கும். அந்தக் காத்துக்குள்ள ஒருத்தி இருந்தா. வறட்டாயின்னு பேரு. அவளுக்கு ஒடம்புல தோலே கிடையாது. தோலு இல்லாதவளுக்குக் குளிரு எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு. அதனால சின்னப் புள்ளைங்க தோலைத் தேடிக்கிட்டு அலைவா. எண்ணெய் தடவின ஒடம்பு அவ கைக்கு வழுக்கிடும். வறண்ட ஒடம்புன்னா வெங்காயச் சருகு மாதிரி உரிச்சுடுவா.

ம்.

அந்த ஊர்ல பூரணம்னு ஒரு பொண்ணு, அவளுக்கு சங்கிலின்னு ஒரு தம்பி. அவங்க அம்மா தெனம் காலையில தேங்காயெண்ணெயத் தூக்கிக்கிட்டு பின்னாடியே ஓடுவா. பால் ஆடைய எடுத்து வச்சிருந்து பயத்தமாவுல கொழைச்சு, "வாடி, வாடா, தேய்ச்சு விடுறேன்"னு கெஞ்சுவா. அதுக ரெண்டும், "போம்மா, பிசுபிசுங்குது, மண்ணு ஒட்டுது"ன்னு ஓடிடும். குரங்குங்க!

அப்புறம் என்ன பண்ணும்னு கேளு. வறண்ட காலை நகத்தால கீறினா வெள்ளையாக் கோடு விழும்ல? அதுல படம் போடும், பூ போடும். ஊர்ல பெரியவங்க எல்லாம், "என்ன வேணா கீறுங்க, பேரு மட்டும் எழுதாதீங்க. வறட்டாயி படிச்சுடுவா. படிச்சா பேரு சொல்லிக் கூப்பிடுவா. மூணாந்தரம் கூப்பிட்டா அந்தப் புள்ளை தானா எந்திரிச்சு அவ பின்னாடி போயிடும்"னு சொல்லுவாங்க. பூரணத்துக்கு அதெல்லாம் சிரிப்பு.

ஒரு நாள் அம்மா சந்தைக்குப் போனா. வீட்டுல எண்ணெய் தீந்து போச்சு. கடைசியா இருந்த நல்லெண்ணெய விளக்குல ஊத்தி வச்சுட்டு, "பொழுது சாஞ்சதும் ஏத்துடி. நான் வர்ற வரைக்கும் அணையக் கூடாது. விளக்கு எரியுற வீட்டுக்குள்ள அவளால வர முடியாது"ன்னு சொல்லிட்டுப் போனா. பூரணமும் ஏத்தினா. அப்போ சங்கிலி காலை நீட்டி, "அக்கா, என் பேரு எழுதுக்கா"ன்னான். அவன் இன்னும் பள்ளிக்கூடம் போகல, அவனுக்கு ஆசை. இவளும் கீச் கீச்சுன்னு முழங்காலுக்குக் கீழ பெருசா எழுதிட்டா, சங்கிலின்னு.

காத்து நின்னு போச்சு.

என்ன, ம் சத்தத்தைக் காணோம்? முழிச்சுத்தான இருக்க?

...ம்.

வாசல்ல இருந்து ஒரு குரலு. சருகை மிதிச்ச மாதிரி, "சங்கிலீஈஈ"ன்னு. பையனோட மூஞ்சி சாம்பல் பூத்துப் போச்சு. பூரணம் அடுப்படிக்கு ஓடினா. அழிச்சுடலாம்னு சொம்புத் தண்ணிய எடுத்து அவன் கால்ல சளக்குனு ஊத்தினா. எழுத்து மறைஞ்சுது. அப்பாடான்னு உக்காந்தா. தண்ணி காஞ்சுது பாரு, ஒவ்வொரு எழுத்தா திரும்ப வருது! முன்னைவிட வெள்ளையா வருது.

ம்.

அப்போ, "சங்கிலீஈஈ"ன்னு ரெண்டாந்தரம். அவன் கால்ல பட் பட்டுன்னு வெடிப்பு விழுது. "எரியுதுக்கா"ன்னு அழறான். இந்தப் பொண்ணு பதறிப்போயி என்ன எடுத்தாத் தெரியுமா? துணி தொவைக்கிற சோப்பு! அதைப் போட்டு சரசரன்னு தேய்ச்சுட்டா. இருந்த கொஞ்சநஞ்சப் பசையும் போச்சு. எழுத்து சுண்ணாம்பு அடிச்ச மாதிரி நிக்குது.

அப்புறம் தம்பிய உள்ள ஒக்கார வச்சுட்டு, புழக்கடை வழியா அடுத்த வீட்டுக்கு ஓடினா. தட் தட் தட். அன்னத்தாயி அம்மா கதவைத் திறந்தா. நல்ல மனுஷிதான், கேட்டா இல்லைன்னு சொல்லாதவ.

"பெரியம்மா, ஒரு கரண்டி எண்ணெய்!"

"விளக்கு வச்சாச்சேடி. விளக்கு வச்சப்புறம் எண்ணெய் வெளிய போகக் கூடாது, லட்சுமி போயிடுவா."

"வெண்ணெய்?"

"அதுவும் கூடாதுடி."

"பால் ஆடையாவது? தம்பியக் கூப்பிடுறா பெரியம்மா, ரெண்டு தரம் கூப்பிட்டுட்டா!"

அன்னத்தாயி அம்மா கிண்ணத்தை எடுக்கப் போயி, திரும்ப வச்சுட்டா. அப்புறம், "காலையில வா, ஒரு படி தர்றேன்"னு கதவைச் சாத்திட்டா. காலையில யாரு இருப்பா செவந்தி?

ம்ம்.

பூரணம் திரும்ப வீட்டுக்குள்ள வந்தா. "சங்கிலீஈஈ." மூணாந்தரம்! பையன் எந்திரிச்சுட்டான். கண்ணு திறந்திருக்கு, பார்வை இல்ல. வாசலைப் பாத்து நடக்கிறான். தரையில அவன் பாதம் சொற சொறன்னு ஒரசுது. இவ கையப் புடிச்சு இழுத்தா, தோலு பொடிப்பொடியா உதிருது.

வீட்டுல எண்ணெய் ஒரே எடத்துலதான் இருக்கு. விளக்குல. அதை எடுத்தா விளக்கு அணைஞ்சுடும். அணைஞ்சா அவ உள்ள வந்துடுவா. எடுக்கலேன்னா தம்பி வெளிய போயிடுவான். என்ன பண்ணுவா பாவம், சின்னப் பொண்ணு! "அம்மா, அம்மா"ன்னு அழுதுக்கிட்டே திரியை வெளிய இழுத்துப் போட்டா. சுர்ருன்னு அணைஞ்சுது. ஒரே இருட்டு. வெதுவெதுன்னு இருந்த எண்ணெயக் கையில ஊத்தி, தம்பியைக் கட்டிப் புடிச்சு ஒக்கார வச்சு, காலு, கையி, முதுகு, வயிறு, காதுமடல் வரைக்கும் வழிய வழியத் தேய்ச்சா.

சர்ர்ர்ர்... வறட்டாயி உள்ள வந்துட்டா.

இருட்டுல தடவுறா. சங்கிலியத் தொட்டா, வழுக்கிச்சு. திரும்பப் புடிச்சா, வழுக்கிச்சு. இன்னொரு தரம் ரெண்டு கையாலயும் அமுக்கினா, அப்பவும் வழுக்கிடுச்சு. சங்கிலிக்கு நெனப்பு வந்துடுச்சு. வறட்டாயி கோவத்துல கிர்ர்ர்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் துழாவினா. அகப்பட்டுச்சு ஒரு குதிகாலு. பாளம் பாளமா வெடிச்ச குதிகாலு.

யாருது?

...அக்காவுது.

அக்காவுதுதான். அவளுக்குத் தடவ ஒரு சொட்டு மிச்சமில்ல. எல்லாத்தையும் தம்பிக்கே போட்டுட்டாளே! வறட்டாயி ஓரத்தைப் புடிச்சு, பிர்ர்ருன்னு உரிக்க ஆரம்பிச்சா. பூரணம் போட்ட அலறல் தெருவுக்கே கேட்டுச்சு.

அப்போ அந்தப் பொடியன் இருந்தான்ல, "எங்கக்கா!"ன்னு கத்திக்கிட்டு அக்கா கால்மேல விழுந்தான். தொழுவத்துல எருமைக்கன்னு தாயை ஒரசும்ல, அப்படி ஒரசுறான். வயித்தைத் தேய்க்கிறான், கன்னத்தைத் தேய்க்கிறான், உருண்டு உருண்டு மேல ஏறுறான். அவன்மேல இருந்த எண்ணெய் எல்லாம் அவளுக்கு ஒட்டுது. வறட்டாயி கை வழுக்குது. புடிக்கிறா, வழுக்குது. புடிக்கிறா, வழுக்குது. ஓன்னு ஊளையிட்டுக்கிட்டு வாசல் வழியா ஓடினா பாரு!

அதே வாசல்ல அன்னத்தாயி அம்மா மூச்சு வாங்க நிக்கிறா. ஒரு கையில விளக்கு, ஒரு கையில எண்ணெய்க் கிண்ணம். பூரணத்தோட குதிகாலைப் பாத்தா. வட்டமா ஒரு எடத்துல தோலே இல்ல. அப்படியே தரையில ஒக்காந்து அந்தக் காலைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, காயத்தைச் சுத்தி எண்ணெயைத் தடவித் தடவி அழுதா. "லட்சுமிய நான்தாண்டி வெளிய நிறுத்திக் கதவைச் சாத்தினேன்"னு அழுதா. அதுலேர்ந்து அந்த ஊர்ல புள்ளைக்குத் தடவ எண்ணெய் கேட்டா, விளக்கு வச்சாச்சான்னு யாரும் பாக்கிறதில்ல.

பூரணம் நல்லாத்தான் ஆனா. ஆனா அந்த வட்டம் மட்டும் கடைசி வரைக்கும் ஆறின தழும்பா இருந்துச்சு. பனிக்காத்து அடிச்சா அங்க குளிரும்.

என்ன செவந்தி? எதுக்கு இப்ப காலை நீட்டுற? நான் கேக்கவே இல்லையே! ஐய, அந்தக் காலு வேறயா? சரி சரி, கிட்ட வா, நடுங்காத, அத்தை தேய்ச்சு விடுறேன்.

கதை அங்க போச்சு, காத்து மலைக்குப் போச்சு, கண்ணை மூடு தாயி.