முத்திரை பெற்ற படகோட்டி

முன்னொரு காலத்தில், பெயர் மறந்துபோன ஒரு நாட்டில், ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. கொல்லனோ தச்சனோ படகோட்டியோ, யார் தொழில் பழகினாலும் நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். தேறியவனுக்கு அரண்மனை முத்திரை தர வேண்டும். முத்திரை இல்லாதவன் தொழில் செய்யக் கூடாது. ஆசை நல்ல ஆசைதான். அதைச் சட்டமாக எழுதும் வேலை பிரதானி அம்பலவாணர் கையில் போய் விழுந்ததுதான் கெட்டது.

பிரதானி உளியையும் தொட்டதில்லை, துடுப்பையும் தொட்டதில்லை. ஒரே மூச்சில் எழுதிவிட்டார்: "குருவின் வீட்டில் பன்னிரண்டு ஆண்டு இருந்தவன் தேறியவன்." இருந்து என்ன செய்தான் என்று கேட்க ஒரு வரி இல்லை.

சபை முழுவதும் ஆகா என்றது. விகடகவி மாசிலானுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. அவன் பட்டறை பட்டறையாகத் திரிந்தவன். தொழில் பழக வந்தவர்கள் அங்கே விறகு பிளப்பதையும் தண்ணீர் சுமப்பதையும் கண்ணால் கண்டவன். இனிமேல் பன்னிரண்டு ஆண்டும் அவர்கள் தண்ணீரே சுமப்பார்களே என்று அவன் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

பிரதானிக்கு மாசிலானைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார். "மகாராஜா, சட்டத்தைக் கண்காணிக்கும் பொறுப்பை விகடகவிக்கே அளியுங்கள். ஒரே நிபந்தனை. இது தாங்கள் ஒப்பமிட்ட சட்டம். இதைக் குறைகூறி யார் ஒரு வார்த்தை பேசினாலும் பெட்டி படுக்கையோடு நாட்டை விட்டுப் போக வேண்டும்."

ராஜா தலையாட்டிவிட்டார்.

வீட்டில் மாசிலான் மனைவி வேலாயி தலையில் கைவைத்துக்கொண்டாள். "குறை சொல்லாம உங்களுக்குச் சோறு இறங்குமா? இப்பவே மூட்டையைக் கட்டிர்றேன்."

"கட்டாதே. நான் ஒரு குறையும் சொல்லப் போறதில்ல. சட்டத்தைத் தலையில வச்சு ஆடப் போறேன்."

அக்கரைக் கோயில் திருவிழா வந்தது. ராஜா ஆற்றைக் கடக்கப் படகு ஏற்பாடு செய்தவன் மாசிலான். துறையில் எங்கே இறங்கினாலும் மார்பளவுக்கு மேல் தண்ணீர் இல்லை என்று முன்கூட்டியே இறங்கிப் பார்த்துக்கொண்டான். படகோட்டியாகச் சடைக்கனை நிறுத்தினான். ஏற்கெனவே குரு வீட்டில் பன்னிரண்டு ஆண்டு இருந்த கணக்கில், சட்டம் வந்த அன்றே முத்திரை வாங்கியவன் அவன். ராஜா ஏறினார். பிரதானியும் மாசிலானும் ஏறினார்கள்.

கரையை விட்டதும் படகு சக்கரம் போலச் சுற்றியது.

"என்னப்பா இது, நேரே விடு!" என்றார் ராஜா.

மாசிலான் கைதட்டினான். "சட்டத்தின் பெருமையைப் பாருங்கள் மகாராஜா! ஒரே பயணத்தில் நாலு திசையையும் தரிசிக்க வைக்கிறான்!"

"குரு வீட்டில் என்னதான் செய்தாய்?" என்று சடைக்கனைக் கேட்டார் ராஜா.

"எருமை குளிப்பாட்டினேன் சாமி. இதே ஆத்துலதான். ஒரு எருமைகூட என்மேல கோவிச்சுக்கிட்டது இல்ல."

"துடுப்பு?"

"அதை வெயில்ல காய வைப்பேன் சாமி. தண்ணியில போட இன்னிக்குத்தான் விட்டாங்க."

"துடுப்பு நனையாமல் காத்திருக்கிறான், என்ன பொறுப்பு!" என்று உருகினான் மாசிலான்.

படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிரதானி துள்ளி எழுந்து கத்தினார்: "அடப் பாவி! எருமை கழுவினவனுக்கு முத்திரையா? இதெல்லாம் ஒரு சட்டமா? எந்த மடையன் எழுதினான்?"

அவர் எழுந்த வேகத்தில் படகு கவிழ்ந்தது. நால்வரும் மார்பளவு தண்ணீரில் நின்றார்கள். மாசிலான் சொட்டச் சொட்டக் கும்பிட்டான்.

"மகாராஜா, அடியேன் ஒரு குறையும் சொல்லவில்லை. பிரதானியார் சொல்லிவிட்டார். பெட்டி படுக்கையை யார் கட்டுவது?"

ராஜா கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஆறே அதிரச் சிரித்தார். பிரதானி கழுத்தளவு தண்ணீருக்குள் குனிந்துகொண்டார்.

"பிரதானியே கட்டட்டும்! உனக்கு என்ன வேண்டும், கேள்!"

"பிரதானியார் இங்கேயே இருக்கட்டும் மகாராஜா, முத்திரை போட ஆள் வேண்டும். சட்டத்தை மட்டும் மாற்றுங்கள். பழக வந்தவன் கையில் முதல் மாதமே கருவி இருக்க வேண்டும். தொழில் கைவந்த அன்றைக்கே அவன் தேறியவன். முத்திரை போடுகிறவர் முதலில் அவன் ஓட்டும் படகில் ஏற வேண்டும், அவன் போட்ட கூரையின் கீழே படுத்தெழ வேண்டும். அப்புறம் முத்திரை."

ராஜா முத்துமாலையைக் கழற்றி மாசிலான் கழுத்தில் போட்டார். "அப்படியே ஆகட்டும். கண்காணி நீதான்!"

"சாமி, அப்ப என் முத்திரை?" என்றான் சடைக்கன் பரிதாபமாக.

"அதைத் திருப்பிக் கொடு. துடுப்பை வச்சுக்கோ," என்றான் மாசிலான்.

சடைக்கன் அன்றிலிருந்து துடுப்பைக் கீழே வைக்கவில்லை. மழைக்காலம் போய், ஆறு தெளிந்தபோது தேர்வுக்கு வந்து நின்றான். பிரதானி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நேரம் போயிற்று. அவர் கண்ணைத் திறக்கவேயில்லை.

"இறங்குங்க சாமி," என்றான் சடைக்கன். "அக்கரை வந்து எந்நேரமாச்சு!"