மீசையும் முந்தானையும்

“எங்கிட்ட என்ன குறை, குருவே?” என்று கேட்டார் மாசிலாமணி.

போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விற்கிறார். குரு தங்கப்பழத்துக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. அந்தக் கடையில் யார் அதிகம் விற்கிறாரோ அவர்தான் குரு. தாடி வளர்த்தவனையெல்லாம் குரு என்பதற்கு இது எவ்வளவோ மேல்.

“வாய் நெறைய ‘வாங்கம்மா’ன்னுதான் சொல்லுதேன். நேத்து ஒரு அம்மா பயந்துபோயி ஆதார் கார்டை எடுத்து நீட்டுதாவ.”

“எப்படி நின்னு சொன்னிய, அண்ணாச்சி?”

மாசிலாமணி நின்று காட்டினார். நெஞ்சு முன்னால், கை பின்னால்.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தவரும் எழுந்து நின்றுவிட்டார்.

“சாயங்காலத்துக்குள்ள ஒரு சேலையாவது விக்கணுமாம். இல்லேன்னா வாசல்ல வாட்ச்மேன்தான்னு மொதலாளி சொல்லிட்டாரு. ஆயுசு பூரா காவல் காத்தாச்சு, தம்பி. இன்னமுமா?”

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது.

குரு மாம்பழ நிறப் பட்டு ஒன்றை உருவினார். அங்கே ஆண்களும் சேலையைத் தங்கள் மேலேயே சுற்றிக் காட்டுவது வழக்கம். மாசிலாமணி மட்டும் அதுவரை உடன்பட்டதில்லை. குரு கொசுவத்தை அவர் பெல்ட்டில் செருகி, முந்தானையைத் தோளில் போட்டார்.

“மீசை இருக்கே, தம்பி!”

“சேலைக்கு அது தெரியாது.”

ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மாசிலாமணி சேலையோடு அட்டென்ஷனில் நின்றார். தாய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சும்மா பாக்கத்தான் வந்தோம், சார்” என்று மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“அண்ணாச்சி, போயி ரெண்டு டீ வாங்கிட்டு வாங்க” என்றார் குரு.

வாசலில் வாட்ச்மேன் ஸ்டூலைத் தாண்டும்போது மாசிலாமணிக்குக் கண் கலங்கியது. அந்தக் கவலையில் சேலையைக் கழற்ற மறந்தே போனார்.

டீக்கடையில் இரண்டு கையிலும் கிளாஸ். தோளிலிருந்து ஏதோ நழுவியது. பார்த்தார். முந்தானை! கறை பட்டால் முதலாளி தொலைத்துவிடுவார். இடுப்பை லேசாக ஒடித்து, தோளைச் சரித்து, அதைப் பதமாக ஒதுக்கிக்கொண்டு நடந்தார்.

பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“கொஞ்சம் திரும்புங்க.”

திரும்பினார்.

“இதையே எனக்குக் குடுத்துருங்க.”

எதிரே ஒரு போலீஸ்காரர் வந்தார். முன்பு மாசிலாமணிக்குக் கீழே வேலை பார்த்தவர். பழக்கத்தில் சல்யூட் அடித்தார். அடித்த பிறகுதான் சேலையைப் பார்த்தார். கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

மாசிலாமணியின் முதுகு தானாக விறைக்கத் தொடங்கியது.

“அசையாதீங்க, மடிப்பு கலையுது” என்றாள் அந்தப் பெண்.

முதுகு மெல்லத் தளர்ந்தது.

“சல்யூட் கெடக்கட்டும், பேச்சிமுத்து. இந்த ரெண்டு டீயையும் பிடி.”

கை காலியானதும் மாசிலாமணி முந்தானையை அகல விரித்துக் காட்டினார்.

“ஒம் பொண்டாட்டிக்கு என்ன கலர் புடிக்கும்?”