வெளியூர் அடுப்பு

சொந்த வீட்டு அடுப்பில் கண்ணை மூடிக்கொண்டு தோசை சுடுகிறவள், புகுந்த வீட்டுக்குப் போன முதல் நாள் கருக்குவாளா, மாட்டாளா? நீங்களே சொல்லுங்கள்.

வெயிலுமுத்து கருக்கினான். தோசையை இல்லை, டெஸ்ட் மேட்சை.

நம் ஊர் மைதானங்களில் அவன் மட்டையைத் தூக்கினால் பந்து பொறுக்கிப் போடுகிறவர்களுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். முதல் பந்திலிருந்தே அடி. இறங்கி அடி, விலகி அடி. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நூறு.

அதே ஆள் கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டுக்குப் போனான். இரண்டு டெஸ்ட் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் காலில் கட்டிய பேடு சூடேறுவதற்குள் திரும்பி வந்தான். மூன்றாவது டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலும் அதே கதை.

ஆளுக்கொன்று ஜெயித்துத் தொடர் சமமாக நின்றது. மிச்சம் ஒரே இன்னிங்ஸ். அதிலும் அவன் சொதப்பினால் இனி வெளிநாட்டுக்கு அவனைக் கூட்டிப் போவதில்லை என்று தேர்வுக் குழுவில் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் பேட்டிங் கோச் தங்கியிருந்த அறைக் கதவைத் தட்டினான்.

கோச் ஒரு பெண். ஜெனிட்டா, தூத்துக்குடிக்காரி. அவனைவிட வயதில் இளையவள். ஆரம்பத்தில் பையன்கள் கேலிக்கு ‘டீச்சர்’ என்று கூப்பிட்டார்கள். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

“டீச்சர், அடிச்சு ஆடுறது தப்பா?”

“சாப்பிட்டீங்களாண்ணே?”

“அடுத்தவன் ஊர்ல அது செல்லாதா? அதை மட்டும் சொல்லுங்க. மாத்திக்கிறேன்.”

“எனக்குப் பசிக்குது. மாவு இருக்கு. ரெண்டு தோசை ஊத்துங்க.”

அவள் பெட்டியில் துணிமணி கம்மி. எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு தோசைக்கல் மட்டும் இருக்கும்.

வெயிலுமுத்துவுக்கு அந்த வருத்தத்திலும் சிரிப்பு வந்தது. அவன் அம்மாவுக்குக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் தோசைக்கடை. மகன் டிவியில் வந்த பிறகும் கடையை மூடமாட்டேன் என்கிற அம்மா. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே போய்க் கரண்டியைப் பிடித்து வளர்ந்தவன் அவன்.

அந்த நாட்டு அடுப்பில் தீயே கிடையாது. கறுப்பாக ஒரு கரண்டுத் தட்டு, அவ்வளவுதான்.

கல்லை வைத்தான். பட்டனை முழுக்கத் திருகினான். கொஞ்ச நேரம் நின்று, ஊற்றி, ஒரே சுழற்று.

நடுவில் கரி. ஓரத்தில் பச்சை மாவு.

பட்டனைக் குறைத்துவிட்டு அடுத்ததை ஊற்றினான். தட்டில் ஏறிய சூடு இறங்கினால்தானே. அதுவும் கரி.

கோபத்தில் அடுப்பை அணைத்தான். கல்லைச் சுரண்டினான், ஆறவிட்டான், மறுபடி அடுப்பைப் போட்டு ஊற்றினான். இந்தத் தடவை பயந்து பயந்து தேய்த்தான். மாவு கல்லைப் பிடித்துக்கொண்டு கிழிந்தது.

“அடுப்பு சரியில்ல, டீச்சர்.”

“காலையில இதுலதாண்ணே நான் சுட்டேன்.”

“அப்ப மெதுவாத் தேய்க்கணுமோ?”

“மெதுவாத் தேய்ச்சதுதான் இது.” கிழிந்ததைக் கரண்டியால் தூக்கிக் காட்டினாள். “தோசையை வேகமாத்தான் தேய்க்கணும். உங்க கை நல்ல கை.”

“பெறகு?”

“தண்ணி தெளிச்சுப் பாத்தீங்களா?”

அவன் கல்லைத் திரும்பிப் பார்த்தான்.

“ஊர்ல தெளிப்பீங்களா?”

“ஊர்ல கல்லு தயாரா இருக்கும். நான் போய் ஊத்துவேன்.”

“தானா தயாரா இருக்குமா?”

“அம்மா...” என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

ஜெனிட்டா கிழிந்த தோசையை மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்ன ஆரம்பித்தாள்.

ஒருநாள் விட்டு அடுத்த நாள் அவன் ஆட இறங்கினான். வானம் மூடிக் கிடந்தது. ஜெயிக்க வேண்டிய ஓட்டம் எட்டாத தூரமும் இல்லை.

அவன் அடிக்கவில்லை. எது தரையில் பட்டு உள்ளே வருகிறது, எது நழுவிப் போகிறது, எது நெஞ்சுக்கு எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றான். விட வேண்டியதை விட்டான். விலாவில் ஒன்று வாங்கினான்.

கேலரியில் நம் ஆட்களே கத்தினார்கள். “வெயிலு, தலகாணி கொண்டு வரட்டுமா?”

எதிர்முனையில் நம் அணி ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், போனார்கள். எல்லாரும் அவனைப் பார்த்து அடிக்கப் பழகியவர்கள். இறங்கி ஒரு வீச்சு வீசிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே நடந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மேகம் விலகியது. பந்தில் பளபளப்பு போயிருந்தது. ஒரு பந்து விழுந்த இடத்தைப் பார்த்ததும் அது எங்கே வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அடித்தான். அடுத்ததையும் அடித்தான். அதற்கடுத்தது கேலரிக்குள் விழுந்தது. ஊரில் அடிக்கிற அதே அடி.

ஓவர் முடிந்தது. எதிர்முனையில் நின்ற கடைசி ஆள் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான். ஸ்டம்ப் பறந்தது.

மேட்ச் போயிற்று. தொடரும் போயிற்று.

அவுட்டாகாத வெயிலுமுத்து கையுறையைக் கழற்றாமல் அங்கேயே நின்றான். நடுவர் பெயில்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலமே அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்கு அணியை அறிவித்தார்கள். அவன் பெயர் இல்லை. வேண்டிய நேரத்தில் அடிக்கத் தெரியாத ஆள் என்று டிவியில் ஒரு பெரிய மனிதர் சொன்னாராம்.

மறுநாள் காலை கோச் அறைக்குப் போனான். ஜெனிட்டா தோசைக்கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எப்ப அடிக்கணும்னு தெரிஞ்சுபோச்சு, டீச்சர்.”

“பாத்தேண்ணே.”

“தெரிஞ்சப்போ கூட நிக்க ஆளு இல்ல. இப்ப ஆட்டமே இல்ல. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?”

அவள் சுற்றிய கல்லைப் பெட்டிக்குள் வைத்தாள்.

அவன் போன் அடித்தது. அம்மா. ஊரில் அது சாயங்காலக் கடைக்கு அடுப்பு மூட்டுகிற நேரம்.

“என்னய்யா, உன் பேரு இல்லைன்னு சொல்லுதாகளே. சாப்பிட்டியா?”

“ம்.”

“போட்டும், விடு. ஊருக்கு வந்து சேரு. கடைக்கு ஆளு வர ஆரம்பிச்சிருவாக. போனை வைக்கட்டா?”

“வச்சிராதம்மா. கல்லு காஞ்சிருச்சா?”

“காயுது. ஏன்?”

“தண்ணி தெளிச்சிட்டியா?”

“இனிமேத்தான். தெளிக்காம ஊத்துவாகளா? என்னைக்கும் இல்லாம இதென்ன கேள்வி?”

வெயிலுமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

“போனைக் கொஞ்சம் கல்லுப் பக்கத்துல வையேன்மா. அந்தச் சத்தத்தை நான் கேக்கணும்.”