மானுக்கு மறுசோறு

மான் மேய்கிற அழகைச் சம்பந்திக்குக் காட்ட ஆசைப்பட்ட ஜமீன்தார், மாளிகைக்குப் பின்னால் கொஞ்சம் காராமணி விதைக்கச் சொன்னார். தோட்டக்காரன் ஒச்சான் விதைத்தான். மான்கள் வந்தன, முளைத்ததையெல்லாம் ஒட்ட மேய்ந்துவிட்டுக் காட்டைப் பார்த்துப் போய்விட்டன. மறுபடி விதைக்க ஒச்சான் ஜமீன்தாரிடம் காராமணி கேட்டான்.

"ஒரு மணிகூடத் தரமாட்டேன்! சம்பந்தி வரும்போது மானும் நிக்கணும், பயிரும் நிக்கணும். இல்லேன்னா நீ இந்த ஊர்லயே நிக்கக் கூடாது!"

சம்பந்தி வந்தார். மத்தியான விருந்து முடிந்து பின்கட்டுக்குப் போனால் வெறும் மண்.

"இந்தப் பய விதைக்கவே இல்ல சம்பந்தி! இன்னியோட தொரத்துறேன்" என்றார் ஜமீன்தார்.

ஒச்சான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். "விதைச்சேன் சாமி. மான் வந்து நல்லாத்தான் சாப்பிட்டுச்சு. எல காலியாச்சு, மறுசோறு விழல. மரியாதை தெரிஞ்ச விருந்தாளி, எந்திரிச்சுப் போயிருச்சு."

சம்பந்தி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட, எனக்கும் மறுசோறு விழலையேப்பா! நானும் கெளம்பத்தான் இருந்தேன்."

ஜமீன்தாருக்கு முகம் கறுத்துவிட்டது. "யாரங்கே! சம்பந்திக்கு எல போடு! இவனுக்கு ஒரு மூட்டை காராமணி கொடு!"

"அப்ப மான் வர்ற வரைக்கும் இருந்து பார்த்துட்டே போறேன்" என்று சம்பந்தி மறுபடி பந்தியில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து விடிந்தால் போதும், "மொளைச்சிருச்சாடா ஒச்சான்?" என்று ஜமீன்தார் தோட்டத்துக்கே ஓடி வந்தார்.

"என்ன அவசரம் சாமி," என்றான் ஒச்சான். "விருந்தாளி நிதானமா சாப்பிடட்டும்."