இரண்டாவது கோல்

சுயம்பு ஆசான் வர்ம வைத்தியர். கல்லூரி கால்பந்து அணியில் யாருக்குக் கால் பிசகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவரிடம் வைத்தியம் கற்றுக்கொண்டிருந்த ஜஸ்டஸ், ஆசானைவிட வயதில் மூத்தவர். அதே கல்லூரியில் படித்தவர். அணி ஆடும் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டார்.

அணி ஜெயித்து வெகுகாலம் ஆகியிருந்தது. இந்த வருடமும் தோல்விதான். ஆனால் ஆறு கோல், ஏழு கோல் வாங்கியவர்கள் இப்போது ஒன்றிரண்டு கோலில் தோற்றார்கள்.

"டீம் தேறிட்டு வருது" என்றார் கில்பர்ட். ஜஸ்டஸின் தங்கை கணவர். அவருக்கும் அதே கல்லூரிதான்.

"மண்ணாங்கட்டி. தோத்தா தோத்ததுதான்" என்றார் ஜஸ்டஸ்.

டீக்கடையில் தொடங்கிய பேச்சு கைகலப்பில் முடிந்தது. கில்பர்ட்டின் சட்டைப் பை கிழிந்து தொங்கியது.

மறுநாள் தங்கை அழுதுகொண்டு வந்தாள். அவள் மகளுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவது?

"இந்த டீம் உருப்படாதுன்னு உன் புருசன் வாயால சொல்லட்டும். அப்புறம் வாறேன்."

அந்தக் கோபம் ஆறாமல்தான் ஜஸ்டஸ் சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தார். ஆசான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஆசானே, நீங்களே ஒரு தீர்ப்பு சொல்லுங்க. டீம் தேறுதா, இல்லையா?"

"ஆட்டத்தப் பாரும்வே."

முதல் பாதியில் எதிரணி ஒரு கோல் போட்டது. ஜஸ்டஸ் எழுந்து, மைதானத்தின் அந்தப் பக்கம் நின்ற கில்பர்ட்டைப் பார்த்துக் கத்தினார்.

"பாத்தியாலே? இதுதான் தேறின லட்சணம்!"

இடைவேளைக்குப் பிறகு கல்லூரி அணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டது. கூட்டம் மொத்தமும் எழுந்து குதித்தது. கில்பர்ட் யாரையோ கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஜஸ்டஸ் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குருட்டு அடி" என்றார்.

ஆசான் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். எதிரணிக்காரன் ஓரமாக அடித்த பந்தைத் தடுக்கக் கோல்கீப்பர் பாய்ந்தான். அவன் தோள் கம்பத்தில் மோதிய சத்தம் இங்கே வரை கேட்டது. பந்து உள்ளே போய்விட்டது.

ஜஸ்டஸ் துள்ளி எழுந்து கைதட்டினார்.

"சொன்னேன்லா! நான் அப்பவே சொன்னேன்லா!"

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி விசில் ஒலித்தது. கோல்கீப்பர் தோளைப் பிடித்தபடி மண்ணில் கிடந்து அழுதான். அந்தப் பக்கத்திலிருந்து கில்பர்ட் வேலியைத் தாண்டி அவனிடம் ஓடினார்.

ஆசான் எண்ணெய்க் குப்பியோடு எழுந்தார். ஜஸ்டஸ் கட்டுத்துணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க ஆசானே. தேறுதா?"

"நம்ம பய ஒரு கோல் போட்டானே. எந்தக் காலால போட்டான்?"

ஜஸ்டஸ் யோசித்தார். அந்த நேரம் அவர் பார்த்துக்கொண்டிருந்தது கில்பர்ட்டின் முகத்தை.

"அது... சரியா கவனிக்கல."

ஆசான் நின்றார். இத்தனை காலத்தில் அவரை இவ்வளவு கோபமாக ஜஸ்டஸ் பார்த்ததில்லை. ஜஸ்டஸின் கையிலிருந்த துணியை ஆசான் வெடுக்கென்று பிடுங்கினார்.

"அவன் தோளப் பிடிச்சுக்க ஆள் வேணுமே ஆசானே. நானும் வாறேன்."

"அதுக்குக் கில்பர்ட் இருக்கான். உம்ம டீமுதான் ஜெயிச்சாச்சுல்லா? அவங்க பஸ்ஸு கேட்டுக்கு வெளிய நிக்கு. போயி ஏறும்வே."