சுனையும் சொம்பும்

பனியே விழாத ஊசிப்பாறை மலைக்குப் பனிச்சறுக்கு கொண்டுவரக் கிளம்பினார் முதலாளி சந்தானராஜ். லிஃப்ட் இரண்டு, சறுக்குப் பாதை மூன்று, அடிவாரத்தில் பெரிய ஓட்டல். பனியை மெஷின் செய்யும். மெஷினுக்கு வேண்டிய தண்ணீரை ஊர்ச் சுனை கொடுக்க வேண்டும்.

அந்தச் சுனைத் தண்ணீரைத் தினமும் தொட்டிக்கு ஏற்றி ஊருக்குத் திறந்துவிடுகிறவள் செவந்தி; பஞ்சாயத்து வேலை. திட்டத்தைப் பற்றி அரசு அதிகாரி ஊரில் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முந்தின நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"அதிகாரி முன்னால, நான் படிக்கறதெல்லாம் நெசம்னு நீ சொல்லணும். பஞ்சாயத்துத் தலைவர் நம்ம ஆளு. சொல்லலேன்னா வேலை இருக்காது."

"அப்படியே சொல்லிப்புடறேங்கய்யா."

மறுநாள் மேடையில் முதலாளி அறிக்கையை முக்கால் மணி நேரம் படித்தார். "இந்தச் சுனையை நம்பி இங்கே ஒருவர்கூட இல்லை" என்று முடித்தார். எதிரே முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். படித்துப் படித்து அவருக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

"ஏம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டா!"

செவந்தி எழுந்தாள். நகரவில்லை.

"ஐயா படிச்சதெல்லாம் நெசந்தானுங்க. அந்தத் தண்ணியக் குடிக்க இங்க ஆளே இல்ல. இல்லாத ஆளு எப்படிங்கய்யா சொம்பு தூக்கிட்டு வரும்?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு, அறிக்கையைத் திருத்திக்கொண்டு வரச் சொல்லிக் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம் போட்டார்கள். தொட்டிக்கு வேறு ஆள் வந்திருந்தான். அறிக்கையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. முதலாளியின் வண்டியிலிருந்து பத்துப் பெட்டி தண்ணீர் பாட்டில் இறங்கியது.

முதல் பாட்டிலை அதிகாரிதான் திறந்தார்.